இரண்டு எஸ்எஸ்டி வைத்து லினக்ஸில் சாஃப்ட்வேர் ரெய்டு போடலாமா? இரண்டும் ஒரே மாடலாக இருக்க வேண்டுமா?

தாராளமாகப் போடலாம். பல டிரைவ்களை லினக்ஸே ஒன்றாகச் சேர்த்து நடத்துவதுதான் சாஃப்ட்வேர் ரெய்டு. ஆனால் ஒரே மாடலாக வாங்காதீர்கள். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய ஜோடி என்றால் இன்னும் மோசம்.

நான் அப்படி வாங்கி மாட்டிக்கொண்டவன். தெரிந்தவர் ஒருவரின் போட்டோ ஸ்டுடியோவுக்கு சர்வர் அமைத்துக் கொடுத்தேன். 500 ஜிபி எஸ்எஸ்டி இரண்டு, சீரியல் நம்பரில் கடைசி இலக்கம் மட்டும்தான் வேறு. லினக்ஸில் ரெய்டு அமைக்கும் எம்டிஏடிஎம் என்ற கருவியை வைத்து ரெய்டு 1, அதாவது ஒரு டிரைவில் இருப்பதே மற்றதிலும் இருக்கும். ஜோடிப் பொருத்தம் சரியாக இருக்கிறது என்று எனக்குப் பெருமை வேறு.

மூன்றாம் வருடம் ஒரு திங்கட்கிழமை காலையில் போன் வந்தது. போய் ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட்டைப் பார்த்தால், அடைப்புக்குறிக்குள் டிரைவுக்கு ஒன்றாக இரண்டு ‘யூ’ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ‘யூ’, பக்கத்தில் ஓர் அடிக்கோடு. ஒரு டிரைவ் செத்துவிட்டது. சரி, இதற்குத்தானே ரெய்டு என்று புது டிரைவைச் சொருகி, மிச்சமிருந்த டிரைவிலிருந்து அதற்கு எல்லாவற்றையும் நகலெடுக்கும் ரீபில்டை ஓடவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் 60 சதவீதத்தில் நிற்கிறது. மிச்சமிருந்த டிரைவும் வரிசையாக ரீட் எரர் கொட்டிக்கொண்டிருந்தது. வெள்ளி இரவு எடுத்த பேக்கப் இருந்ததால் தப்பித்தோம். ஞாயிற்றுக்கிழமை எடுத்த கல்யாணம் கேமரா கார்டில் அழியாமல் இருந்தது, அது ஸ்டுடியோக்காரர் செய்த புண்ணியம்.

ரெய்டு 1-இல் எதை எழுதினாலும் இரண்டு டிரைவிலும் அதே அளவு எழுதப்படும். ஹார்ட் டிஸ்க்கில் மோட்டாரும் ஹெட்டும் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி தேயும். எஸ்எஸ்டியில் தேய்வது ஃபிளாஷ் செல், அது எழுத எழுதத் தேயும். அப்படியென்றால் இரண்டுக்கும் வயது ஒன்றாகவே ஏறுகிறது.

டிரைவுக்குள்ளேயே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரில் கோளாறு என்றால் இன்னும் கொடுமை. 2019 நவம்பரில் சர்வர் கம்பெனியான ஹெச்பிஇ, சர்வர்களில் போடும் தன்னுடைய சில எஸ்ஏஎஸ் வகை எஸ்எஸ்டிகளுக்கு ஓர் எச்சரிக்கை விட்டது: ஃபர்ம்வேரை மாற்றாவிட்டால் 32,768 மணி நேரம் ஓடியதும் டிரைவ் நின்றுவிடும், டேட்டாவும் திரும்பாது. 2-இன் 15-ஆம் அடுக்கு அது, புரோகிராம் எழுதுபவர்களுக்குப் பார்த்ததுமே சிரிப்பு வரும். ஒரே நாளில் பவர் கொடுத்த நாலு டிரைவும் ஒரே மணி நேரத்தில் போனால் எந்த ரெய்டும் காப்பாற்றாது. 2012-இல் குருஷியல் எம்4 என்ற எஸ்எஸ்டிக்கும் 5,184 மணி நேரத்தில் தொங்கிப்போகும் பிரச்சினை வந்து, ஃபர்ம்வேர் போட்டுத்தான் சரிசெய்தார்கள்.

அதனால் இப்போதெல்லாம் ஒன்று ஒரு கம்பெனி, இன்னொன்று வேறு கம்பெனி என்றுதான் வாங்குகிறேன். முடிந்தால் ஒன்றை ஆறு மாதம் வேறு கம்ப்யூட்டரில் ஓட்டிவிட்டுச் சேர்க்கிறேன். ஒன்று 480 ஜிபி, மற்றது 500 ஜிபி என்று வந்தாலும் கவலையில்லை. இரண்டிலும் 450 ஜிபிக்கு பார்ட்டிஷன் போட்டு மீதியைச் சும்மா விடுங்கள். டிரைவுக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும், நாளை எந்த பிராண்டு கிடைத்தாலும் பொருந்தும்.

அப்புறம் டிரிம், அதாவது அழித்த ஃபைல் இருந்த இடம் இனி காலி என்று டிரைவுக்குச் சொல்லும் கட்டளை. ரெய்டு 0, 1, 10 என்ற மூன்று வகைக்கும் லினக்ஸ் கெர்னல் 3.7-இலிருந்தே டிரிம் கீழே டிரைவ் வரை போகிறது. ரெய்டு 1 அமைத்ததும் இரண்டு டிரைவையும் ஒன்றுபோலாக்கும் முதல் சிங்க் முழு டிரைவையும் எழுதித் தள்ளிவிடுவதால், அது முடிந்து ஃபைல் சிஸ்டமும் போட்ட பிறகு ஒருமுறை டிரிம் அனுப்பும் எஃப்எஸ்டிரிம் கட்டளையைக் கொடுங்கள். அதை வாராவாரம் ஓட்டும் டைமரும் இயக்கத்தில் இருக்கட்டும். இரண்டு டிரைவையும் ஒப்பிட்டுப் பார்க்கும் மாதாந்திர செக்கில் மிஸ்மேட்ச் கவுன்ட், அதாவது ஒத்துப்போகாத இடங்களின் கணக்கு, பூஜ்யம் இல்லையென்று பயந்துவிடாதீர்கள். டிரிம் ஆன காலி இடத்தில் இரண்டு டிரைவும் வெவ்வேறாகக் காட்டக்கூடும்.

மூன்று மலிவு எஸ்எஸ்டி வாங்கி ரெய்டு 5 போடும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். சின்னதாக ஒன்றை எழுதினாலும், ஒரு டிரைவ் போனால் அதிலிருந்ததை மீட்க உதவும் பேரிட்டியையும் கணக்கிட்டுச் சேர்த்து எழுத வேண்டும். டிரிமும் அங்கே தானாக வேலை செய்யாது.

மாதம் ஒருமுறை டிரைவின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் ஓட்டித் தேய்மானத்தைப் பாருங்கள். என்விஎம்ஈ டிரைவில் ‘பெர்சன்டேஜ் யூஸ்டு’ என்றே இருக்கும், ஆயுளில் எத்தனை சதவீதம் தீர்ந்தது என்று அர்த்தம். அந்த ஸ்டுடியோ சர்வரில் போன வாரம் பார்த்தேன், ஒன்று 31, மற்றது 12.