வாசகர் கேள்வி – பதில்: கவாத்துத் திடலில் ஒரு மாணவர் கிராமம்

கேள்வி: மகளுக்குப் பினாங்கு யு.எஸ்.எம்.மில் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) இடம் கிடைத்திருக்கிறது. கடிதத்தில் விடுதி என்று போடாமல் 'டேசாசிஸ்வா' என்று போட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா?
– ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: ஒன்றுதான். 'டேசா' கிராமம், 'சிஸ்வா' மாணவர். நம் தேசமும் சிஷ்யனும் மலாய் உடுப்பில் வந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பக்தி பெர்மாய் என்ற விடுதியில் நம் 'பக்தி' தொண்டு என்ற பொருளில் நிற்கிறது. சஹாயா கெமிலாங் என்ற விடுதியில் இன்னும் வேடிக்கை. நமக்குச் சாயை என்றால் நிழல், அவர்களுக்கு அதே சொல் ஒளி! ரெஸ்து, சௌஜானா, தெக்குன் என்ற மூன்று விடுதிகளையும் சேர்த்து மாணவர்கள் 'ஆர்.எஸ்.டி.' என்பார்கள். மகள் அப்படிச் சொன்னால் ஏதோ பாடப்பிரிவு என்று நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: பெரியவர்கள் இன்னும் யு.எஸ்.எம். வளாகத்தை 'மிண்டன் கேம்ப்' என்கிறார்களே, ஏன்?
– வாசகர், ஜெலுத்தோங்

பதில்: 1971 வரை அது உண்மையிலேயே கேம்ப்தான், பிரிட்டிஷ் படை முகாம். பல்கலைக்கழகத்துக்கு முதலில் பார்த்த இடம் வேறு. 1967-இல் அன்றைய பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அடிக்கல் நாட்டியது சுங்கை ஆராவில். 1969-இல் 'பினாங்குப் பல்கலைக்கழகம்' என்ற பெயரில் வகுப்புகள் தொடங்கியபோது சொந்தக் கட்டடம் இல்லை. புக்கிட் குளுகோர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இரவல் இடம்தான், அறிவியல் மாணவர்கள் 57 பேர். பிரிட்டிஷ் படை வெளியேறி மிண்டன் காலியானதும், வகுப்புகள் அங்கே குடிபோயின.

முகாமின் பெயரான மிண்டன், ஜெர்மனியில் உள்ள ஊர். 1759 ஆகஸ்ட் 1-இல் அங்கே நடந்த போரில், முன்னேறி வந்த பிரெஞ்சுக் குதிரைப்படையைப் பிரிட்டிஷ் காலாட்படை முறியடித்தது. அன்று போரிட்ட படைப்பிரிவுகளின் வழிவந்தவர்கள் ஆண்டுதோறும் அதே நாளில் தொப்பியில் ரோஜா செருகிக்கொள்வார்கள். வளாகத்தில் இன்றும் 'படாங் காவாட்' என்றொரு திடல் உண்டு. காவாட் வேறொன்றுமில்லை, நம் கவாத்துதான். படை போனாலும் பயிற்சித் திடலின் பெயர் போகவில்லை.

கேள்வி: அறைக்கு ஓர் எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கிக் கொடுக்கலாமா? எல்லாரும் ஒன்றிலேயே செருகுகிறார்களாம்.
– ஒரு தந்தை, சுங்கை பட்டாணி

பதில்: முதலில் விடுதியின் விதித்தாளைப் படியுங்கள். தடை செய்த பொருள் என்றால் வாங்க வேண்டாம். அனுமதி உண்டென்றால் மலேசியத் தரச்சான்றான சிரிம் முத்திரை உள்ளதாக, 13 ஆம்பியர் ஃபியூஸ் போட்டதாகப் பாருங்கள்.

ஆபத்து எங்கே என்று கணக்கிலேயே தெரியும். 2,200 வாட் கெட்டில் ஒன்று 230 வோல்ட்டில் சுமார் 9.5 ஆம்பியர் இழுக்கும். தோழி அதே வயரில் இன்னொரு கெட்டிலைப் போட்டால் 19. ஃபியூஸ் 13 தானே, உடனே போய்விடும் என்று எண்ணுவோம். போகாது. 19 ஆம்பியரை அது வெகுநேரம் தாங்கிக்கொண்டிருக்கும். அதற்குள் பிளக்கின் கால் சூடேறி, துளையின் பிடி தளர்ந்து, தளர்ந்த இடம் இன்னும் சூடாகி, பிளாஸ்டிக் பழுப்பேறும். மீன்வாடை போல ஒரு நாற்றம் வந்தால் அதுதான் முதல் எச்சரிக்கை. சுவர் சுவிட்சை அணைத்து, ஆறியபின் கழற்றித் தூக்கி எறியச் சொல்லுங்கள். ஃபியூஸ் போன இடத்தில் சிகரெட் தாளின் வெள்ளி ஃபாயிலைச் சுற்றும் கைவேலை வேண்டவே வேண்டாம்.

ஃபோன் சார்ஜர், மடிக்கணினி, மேசை விளக்கு மூன்றும் சேர்ந்தாலும் ஓர் ஆம்பியரைத் தொடுவதே அரிது. எக்ஸ்டென்ஷன் அவற்றுக்குத்தான். கெட்டிலும் இஸ்திரிப்பெட்டியும் நேரே சுவரில், ஒன்று முடிந்தபின் மற்றொன்று.