கரி அடுப்பு மேஜை: மரம், கான்கிரீட், தீ மூன்றையும் ஒட்டவிடாதீர்கள்

காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பழைய வீட்டின் பின்கட்டைப் பிரித்தபோது இறக்கிய தேக்குச் சட்டங்கள் சும்மா கிடக்கின்றன. அவற்றை வைத்துத் தோட்டத்தில் கோழி, மீன் சுடுவதற்கு ஒரு மேஜை செய்ய ஆசை. ஆறடி நீளம், மேலே கான்கிரீட் பலகை, நடுவில் கரி அடுப்பு. மரச் சட்டத்தின் மேலேயே பெட்டி அடித்து ஒரே பலகையாகக் கான்கிரீட் ஊற்றிவிடலாம் என்கிறார் ஆசாரி. தனியாக ஊற்றித் தூக்கி வைக்க வேண்டும் என்கிறார் கொத்தனார். யார் சொல்வது சரி?"

கொத்தனார் சொல்வதுதான் சரி. ஆனால் ஒரே பலகை என்பதையும் நீங்கள் விட்டுவிட வேண்டும்.

ஈரக் கான்கிரீட்டில் இருக்கிற தண்ணீரை மரம் குடிக்கும். குடித்த மரம் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதன் பிறகும் ஐப்பசி மழைக்கு உப்பி, சித்திரை வெயிலுக்குச் சுருங்கி, வருஷம் முழுக்க அசைந்துகொண்டே இருக்கும். கான்கிரீட் அந்த அளவுக்கு அசையாது. இரண்டையும் ஒட்டிவிட்டால் ஒன்று பலகை கீறும், இல்லை சட்டத்தின் மூட்டு கழலும்.

அடுத்தது நடுவில் விடும் ஓட்டை. நான் முதலில் செய்த மேஜையில் அடுப்புக்காகச் சதுர ஓட்டை விட்டிருந்தேன். இரண்டாவது மாதம் ஓட்டையின் மூலையிலிருந்து தலைமுடி கனத்துக்கு ஒரு கீறல் சாய்வாக விளிம்பைப் பார்த்து ஓடியது. கொஞ்ச நாளில் எதிர் மூலையிலும் அதே மாதிரி. ஜன்னல் மூலையிலிருந்து சுவர் சாய்வாகக் கீறுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே சங்கதிதான். உள்மூலையில் இழுவிசை குவியும், சூடும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

அதனால் ஆறடியை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் இரண்டு சிறிய மர மேஜைகள், ஒவ்வொன்றின் மேலும் 2 அடிக்கு 2½ அடி, 2 அங்குல கனத்தில் ஒரு பலகை. நடுவில் உள்ள இரண்டடியில், இரும்பு ஆங்கிளில் செய்த சொந்தக் கால்களோடு கரி அடுப்பு. அடுப்பின் அகலம் ஒன்றேகால் அடிக்கு மேல் வேண்டாம். அப்போது இருபுறமும் நாலு, ஐந்து அங்குலம் காற்றுக்கு இடம் கிடைக்கும். அடுப்பைப் பார்த்த பக்கம் மரத்தின் மேல் ஒரு ஜி.ஐ. தகடு (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) அடியுங்கள். தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவே ஓர் அங்குலம் இடைவெளி கட்டாயம், இல்லாவிட்டால் தகடு சூட்டை அப்படியே மரத்துக்குக் கொடுத்துவிடும். இப்படிப் பிரிப்பதில் இன்னொரு லாபம், கனம். ஒவ்வொரு பலகையும் 55 முதல் 60 கிலோதான் வரும், இரண்டு ஆள் தூக்கிவிடலாம்.

பலகை ஊற்றும் வித்தை உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைச் சுடுவதில்லை. கண்ணாடியின் மேல் வண்ணக் கலவையை முதலில் ஊற்றி, முதுகுப் பக்கத்தைப் பிறகு நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். கண்ணாடியைத் தொட்ட முகம் பளபளவென்று வரும். நீங்களும் அப்படியே மேல்முகம் கீழே இருக்கும்படி ஊற்றுங்கள். இந்த அளவுக்குக் கண்ணாடி தாங்காது, மைக்கா ஒட்டிய பிளைவுட் போதும். சுற்றிலும் 2 அங்குல ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) அடித்து, மூலைகளைச் சிலிக்கான் வைத்து அடைத்து, உள்ளே எண்ணெய் தடவிவிடுங்கள்.

கலவை ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று: சிமென்ட், மணல், பொடி ஜல்லி. ஜல்லி 10 மி.மீ.க்கு மேல் போக வேண்டாம். இரண்டு பலகைக்கும் சேர்த்து 20 கிலோ சிமென்ட் ஆகும், அரை மூட்டை வாங்கினால் மிச்சம் இருக்கும். தண்ணீர் 9 லிட்டருக்கு மேல் கூடாது. ஊற்ற லேசாக இருக்கட்டும் என்று இன்னும் ஒரு வாளி சேர்ப்பார்கள், பக்கத்தில் நின்று தடுத்துவிடுங்கள். அதிகமாகச் சேர்த்த தண்ணீர் ஆவியாகப் போன இடமெல்லாம் நுண்ணிய துளைதான், பின்னால் எண்ணெயும் மசாலாவும் போய் உட்காருவது அங்கேதான்.

பாதி ஊற்றியதும் 6 மி.மீ. கம்பியை ஆறு அங்குலத்துக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் கட்டி வைத்து, உடனே மீதியை ஊற்றுங்கள். அப்புறம் மரச் சுத்தியலால் ரீப்பரை வெளியிலிருந்து தட்டுங்கள். தட்டத் தட்டக் காற்றுக் குமிழ்கள் வந்து உடையும். குமிழ் நிற்கும்வரை, பத்து நிமிஷமானாலும் தட்டுங்கள். இங்கே அவசரப்பட்டால் மேல்முகம் அம்மைத் தழும்பு மாதிரி இருக்கும். வெயில் ஏறும் முன் காலையில் ஊற்றி நிழலில் வைத்து, மறுநாளிலிருந்து ஈரச் சாக்கு போட்டு ஏழு நாளாவது நனைத்துக்கொண்டே இருங்கள். அடுப்பு மூட்ட 28 நாள் பொறுக்க வேண்டும்.

மரத்துக்கு வருகிறேன். பழைய தேக்கில் வைரம் பாய்ந்த பகுதியை மட்டும் எடுங்கள். ஓரத்து வெள்ளையைக் கரையான் விடாது. கால்கள் 3 அங்குலச் சதுரம், காலில் துளை அடித்துக் குறுக்குச் சட்டத்தின் நுனியை அதற்குள் இறக்க வேண்டும். வெறும் ஆணி இந்தக் கனத்துக்கு ஆகாது. உங்கள் வீட்டு மரத்தூண்கள் எதன் மேல் நிற்கின்றன என்று பாருங்கள், கல் பாதத்தின் மேல்தான் இருக்கும். மேஜைக் காலும் செம்மண்ணைத் தொடாமல் கல்லின் மேல் நிற்கட்டும். சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே நாலு மூலையிலும் ரப்பர் துண்டு வையுங்கள். பசையோ ஸ்க்ரூவோ வேண்டாம், கனமே பிடித்துக்கொள்ளும். மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினால், பூசிய துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துவிட்டு எறியுங்கள்.

கரியை நேராகக் கான்கிரீட் மேல் கொட்டிச் சுடலாமா என்று சிலர் கேட்பார்கள். கூடாது. உள்ளே இருக்கும் ஈரம் திடீரென்று ஆவியானால் மேல்தோல் வெடித்துச் சில்லாகத் தெறிக்கும், கண்ணில் படலாம். 300 டிகிரியைத் தாண்டினால் சிமென்ட் பலமிழக்கத் தொடங்கும், கனிந்த கரியின் சூடு அதற்கு வெகு மேலே. தணல் தவறி விழுந்தால் இடுக்கியால் உடனே எடுங்கள்.

கறை விஷயம் செட்டிநாட்டுச் சமையலுக்கு முக்கியம். புதுக் கான்கிரீட்டில் சுண்ணாம்புக் குணம் இருக்கிறது. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன நிறம் வருமோ, மசாலா சொட்டிய இடத்தில் அதே சிவப்பு வரும். எலுமிச்சையும் புளியும் மேல்முகத்தையே அரிக்கும். கறை இறங்காமல் தடுக்கப் பூசும் சீலரில் உள்ளே ஊறும் வகையை இரண்டு தடவை பூசுங்கள். மேலே படலமாக நிற்கும் வகை சூட்டில் கொப்புளிக்கும். எந்தச் சீலரும் முழுக் காப்பு இல்லை, சிந்தியதை உடனே துடைத்துவிடுங்கள். மிஞ்சிய மஞ்சள் கறை நாலு நாள் வெயிலில் வெளுத்துவிடும். எண்ணெய்க் கறை அப்படிப் போகாது. மசாலா தடவிய கோழியைத் தட்டிலேயே வைத்து எடுங்கள்.

இப்போது தொடங்குவதா என்றால், மழை முடியட்டும். தை பிறந்ததும் ஆசாரியை மரத்துக்கும் கொத்தனாரைப் பலகைக்கும் ஒரே வாரத்தில் கூப்பிடுங்கள். மாசியில் முதல் கோழியைச் சுடலாம்.