கேள்வி பதில்: 'ட்வின் பீக்ஸ்' எந்த வரிசையில்?

கே: 2025 ஜனவரியில் இயக்குநர் டேவிட் லிஞ்ச் மறைந்தபின் அவருடைய 'ட்வின் பீக்ஸ்' டிவி தொடரை மறுபடி எடுத்தேன். 1990-91 அத்தியாயங்களை முடித்துவிட்டு 2017 தொடருக்குப் போனால் தலைகால் புரியவில்லை. எங்கே தவறினேன்?
- வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

ப: நடுவில் 1992 படத்தை, 'ஃபயர் வாக் வித் மீ'யை, விட்டிருப்பீர்கள். தொடரில் கொலையாகும் பெண் லாரா பாமரின் கடைசி ஏழு நாள்தானே, முடிவு தெரிந்ததே என்று பலரும் தாண்டிவிடுகிறார்கள். பச்சை மோதிரமும் எஃப்பிஐ ஏஜென்ட் பிலிப் ஜெஃப்ரீஸும் முதலில் வருவது அதில்தான். பழைய 30 அத்தியாயம், படம், பிறகு புதிய 18. படத்தை முதலில் பார்த்தால் கொலையாளி யாரென்று தெரிந்துபோகும்.

பைலட்டிலும், அதாவது முதல் அத்தியாயத்திலும், ஒரு கண்ணி உண்டு. வெளிநாடுகளுக்காக முடிவு ஒட்டிய பதிப்பு கொலையாளியை அங்கேயே காட்டிவிடும். அசல் சுமார் 94 நிமிடம். அதைவிட 20 நிமிடம் கூடுதலாக ஓடினால் நிறுத்திவிடுங்கள்.

இரண்டாம் சீசனில் 9ஆம் அத்தியாயத்தோடு கொலை விவகாரம் தீர்ந்து, தொடர் தொய்கிறது. அந்த இடங்களைக் காய் நறுக்கிக்கொண்டே பார்த்தாலும் பாவமில்லை. 22ஆம் அத்தியாயத்துக்கு மட்டும் உட்கார்ந்துவிடுங்கள். லிஞ்சே இயக்கியது. '25 ஆண்டில் மறுபடி பார்ப்பேன்' என்று லாரா சொல்வது அதில்தான். 2017 தொடர் முளைத்ததே அந்த வசனத்திலிருந்து.

கே: புதிய தொடரின் எட்டாம் அத்தியாயத்தில் ஒரே இருட்டு. பேச்சும் காதில் விழவில்லை.
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

ப: டிவி 'விவிட்' மோடில் இருந்தால் கறுப்புக்குள் இருக்கும் நுணுக்கம் அமுங்கிவிடும். 'சினிமா' அல்லது 'மூவி' மோடுக்கு மாற்றுங்கள், அசைவை வழவழப்பாக்கும் 'மோஷன் ஸ்மூத்னிங்'கை அணையுங்கள். அந்த அத்தியாயத்தில் வரும் 1945 ஜூலை 16 நியூ மெக்சிகோ அணுகுண்டுச் சோதனைக் காட்சியைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கவே கூடாது. இரவு, விளக்கை அணைத்துவிட்டு. ஒலிதான் பெரிய சிக்கல். லிஞ்ச் அடியில் ஓடவிடும் மெல்லிய உறுமலை நம் சீலிங் ஃபேன் விழுங்கிவிடும். பேச்சுக்காகச் சத்தத்தைக் கூட்டினால் அதில் ஒலிக்கும் போலந்து இசையமைப்பாளர் பெண்டெரெட்ஸ்கியின் வயலின்கள் அலறும். கடலூர் வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொல்ல முடியாது. காதை முழுக்க மூடும் ஹெட்போன்தான் வழி.

பழைய தொடரை இருபுறமும் கறுப்புப் பட்டையோடே பாருங்கள். 'ஜூம்' போட்டால் தலை வெட்டுப்படும்.

கே: லிஞ்சின் 'இன்லேண்ட் எம்பயர்' படம் மங்கலாக இருக்கிறதே, பிரிண்ட் கோளாறா?
- வாசகர், நெல்லிக்குப்பம்

ப: இல்லை. 2006இல் வந்த அந்தப் படம் சோனி பிடி150 வீடியோ கேமராவில் எடுத்தது. நம் ஊர்க் கல்யாண மண்டபங்களில் அந்நாளில் சுற்றிய கேமராக்களின் ரகம்தான்.