கல்வெட்டும் கருப்பட்டிச் சிப்பமும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

திசையன்விளைக்கு மேற்கே நாற்பது வீடுள்ள சின்ன ஊர் எங்களுடையது. ஊருக்கு ஒரே வேதக்கோயில், கிறிஸ்தவ ஆலயம். வாசல் நிலைக்கு மேலே இருக்கும் கல்லின்படி 2028-இல் கோயிலுக்கு 150 வயது. மலர் போடலாம் என்று கமிட்டியில் தீர்மானம் ஆகி, வரலாறு எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். பி.காம். படித்தவன் நான், எங்கே தொடங்குவதென்றே தெரியவில்லை.

கல்லில் 1878 என்று இருக்கிறது. ஆனால் அதற்கு முன்பே ஓலைக்கோயில் இருந்ததாக எங்கள் தாத்தா சொல்வார். ‘ஓலைக்கொட்டகையை எல்லாம் கணக்கில் சேர்க்க முடியாது’ என்கிறார் செயலாளர். கோயிலை ஸ்தாபித்த வெள்ளைக்கார ஐயரின் (பாதிரியாரின்) படத்தை முதல் பக்கத்தில் போட வேண்டுமாம், அவர் பெயரே எங்களுக்குத் தெரியாது. இன்னொன்று, பஞ்ச காலத்தில்தான் நம் ஆட்கள் நிறையப் பேர் வேதத்தில் சேர்ந்தார்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். ‘கஞ்சிக்குச் சேர்ந்தவன் என்று நாமே அச்சடித்துக் கொடுக்கவா?’ என்று அடித்துவிட்டார்கள். நான் என்ன செய்யட்டும்? மலருக்கு உங்கள் வாழ்த்துரையும் வேண்டும்.

அன்புடன்,
ஜே.

அன்புள்ள தம்பி,

நீங்கள் அனுப்பிய கல்வெட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ‘1878ம் வருஷம் இந்த ஆலயம் கட்டப்பட்டது.’ வருஷம் இருக்கிறது, ஆலயம் இருக்கிறது, கட்டின ஆளைக் காணோம். எங்கள் ஊர்க் கல்லிலும் இதே ‘பட்டது’தான். திருநெல்வேலிச் சீமையின் வேதக்கோயில்கள் மழைக்கு முளைத்த காளான் மாதிரி தானாகவே எழும்பி நின்றுவிட்டன போலிருக்கிறது.

உங்கள் செயலாளரிடம் ஒன்று சொல்லுங்கள். கல்லில் இருப்பது கல்லின் வயது, சபையின் வயது வேறு. பாளையங்கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். க்ளோரிந்தாள் என்ற பிராமண விதவைக்கு மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் ஞானஸ்நானம் கொடுத்தது 1778-இல். 1780-இல் எழுதின சபைப் பட்டியலில் 40 பேர், முதல் பெயர் அந்த அம்மாளுடையது. அவர் முயற்சியில் கோயில் எழும்பிப் பிரதிஷ்டை ஆனது 1785-இல். ஊர் வாய்க்கு அது இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில். இதில் எந்த வருஷத்துக்குப் பண்டிகை கொண்டாடுவது? உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் இடையன்குடியில் கேட்டால் இன்னும் வேடிக்கை. கால்டுவெல் ஐயர் அங்கே வந்தது 1841-இல், கோயிலுக்கு அஸ்திவாரம் போட்டது 1847-இல், பிரதிஷ்டை செய்தது 1880-இல். கோதிக் ஜன்னல் எப்படி இருக்கும் என்று நம் கொத்தனார்களுக்குத் தெரியாது என்பதால் அவரே களிமண்ணில் அச்சு பிடித்துக் காட்டினார். வேலை இழுத்த அந்த 33 வருஷமும் இடையன்குடியில் ஞாயிற்றுக்கிழமை வராமலா இருந்தது?

ஆகவே உங்கள் தாத்தா சொன்னதைத் தள்ளாதீர்கள். நம் பக்கத்துச் சபைகள் பலவும் ஓலைக்கூரைக்குக் கீழேதான் தொடங்கின. வாரநாளில் பள்ளிக்கூடம், ஞாயிறன்று ஜெபவீடு. ஊரில் வேதம் சொல்லிக்கொடுத்த உபதேசியார்தான் வாத்தியாரும். ஓலை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருதடவை மாறும், அதில் கல்வெட்டைப் பதிக்க முடியாது. அதற்காக அது கோயில் இல்லை என்று ஆகிவிடுமா?

வெள்ளைக்கார ஐயர் படத்துக்கு வருகிறேன். ஒரு மிஷனரியின் பொறுப்பில் எத்தனையோ ஊர்கள் இருந்தன. உங்கள் ஊருக்கு அவர் எப்போதாவது வந்து, ஞானஸ்நானம் கொடுத்து, பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்துவிட்டுப் போயிருப்பார். ஊரிலேயே குடியிருந்து, காய்ச்சல் கண்டவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஜெபம் பண்ணி, செத்தவனைப் புதைத்து, சண்டையைத் தீர்த்துவைத்தவர் உபதேசியார். அவர் பெயரை முதலில் தேடுங்கள். படம் கிடைக்காது. முதல் பக்கத்தை வெறுமனே விட்டு, பெயரை மட்டும் பெரிய எழுத்தில் போடுங்கள்.

ஸ்தாபகர் என்றால் வெள்ளைக்காரர்தான் என்ற நினைப்பு நமக்கு எங்கிருந்து வந்ததோ! 1799-இல் கிறிஸ்தவர்களுக்கென்று நிலம் வாங்கி, முதலாவது ஊர் என்ற பொருளிலேயே முதலூர் என்று பெயர் வைத்துக் குடியேறினார்களே, அதை முன்னின்று நடத்திய சுந்தரானந்தம் தாவீது சாத்தான்குளம் பக்கத்து ஆள். தஞ்சாவூரிலிருந்து நம் சீமைக்கு வந்து ஊழியம் செய்து 1790-இல் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதனும் தமிழர்தான்.

எங்கே தேடுவது? நம் சீமையில் ஊழியம் செய்த இங்கிலாந்து மிஷனரி சங்கங்கள் இரண்டு. முதலில் உங்கள் ஊர் எஸ்.பி.ஜி. சங்கத்தைச் சேர்ந்ததா, சி.எம்.எஸ். சங்கத்தைச் சேர்ந்ததா என்று கண்டுபிடியுங்கள். இடையன்குடி, முதலூர், நாசரேத், சாயர்புரம் எல்லாம் எஸ்.பி.ஜி. மெஞ்ஞானபுரம், டோனாவூர், பண்ணைவிளை, சுவிசேஷபுரம் எல்லாம் சி.எம்.எஸ். இந்த இரண்டு சங்கங்களின் பழைய கடிதங்களும் அறிக்கைகளும் இன்று முறையே ஆக்ஸ்போர்டிலும் பர்மிங்காமிலும் இருக்கின்றன. அவ்வளவு தூரம் போக வேண்டாம். உங்கள் சேகரத்தின், அதாவது ஒரே ஐயரின் பொறுப்பில் உள்ள ஊர்களின், தலைமை ஊர்க் குருமனையில் ஒரு மர பீரோ இருக்கும், சாவி யாரிடம் என்று ஐயருக்கே தெரியாது. சாவியைக் கண்டுபிடியுங்கள். சேகர எல்லைகள் அடிக்கடி மாறியவை என்பதையும் நினைவில் வையுங்கள். 2003-இல் தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலம், அதாவது பேராயர் எல்லை, தனியே பிரிந்தபிறகு சில ஊர்களின் தாய்ச்சேகரம் அந்தப் பக்கம், ஊர் இந்தப் பக்கம் என்று ஆகிப்போனது. இரண்டு பக்கமும் விசாரியுங்கள்.

எங்கள் ஊர் ஞானஸ்நான ரிஜிஸ்டரை நான் பார்த்ததும் அப்படி ஒரு பீரோவில்தான். பூச்சி அரித்து, பக்கத்தைத் திருப்பினால் ஓரம் பொடியாக உதிர்ந்தது. ஒரு பத்தியில் பழைய பெயர், அடுத்ததில் புதுப் பெயர். சுடலைமாடன் ஞானமுத்து ஆகிறான். இசக்கியம்மாள் எஸ்தர் ஆகிறாள். நாலாவது பக்கத்தில் ஒருவன் மாடசாமியாகவே வந்து மாடசாமியாகவே போகிறான். எழுதினவர் மறந்தாரா, இவன் மறுத்தானா தெரியாது. மறுத்தான் என்றுதான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். தொழில் என்ற பத்தியில் முதல் வரியில் ‘பனையேற்று’. இரண்டாவது வரியிலும் அதுதான். மூன்றாவதிலிருந்து கை சலித்து ‘மேற்படி’, ‘மேற்படி’ என்று பக்கம் முடியும்வரை இறங்குகிறது. விரல் வைத்துக் கீழே வந்தேன். பதினேழாவது மேற்படி என் பூட்டன்.

அதே பீரோவில் சிவப்புத் துணி போர்த்திய கணக்குப் புத்தகம் ஒன்றும் இருந்தது. கோயிலுக்குத் தேக்குக் கதவு போட்ட வருஷத்துக் கணக்கு. ரொக்கமாக வந்தது பாதிகூட இல்லை. மீதியெல்லாம் கருப்பட்டிச் சிப்பம், ஓலைப்பெட்டி, நார்க்கட்டு, கோழி. கருப்பட்டியை உடன்குடிச் சந்தையில் விற்ற வண்டிச்சத்தம் வரை எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு மாதமும் கடைசியில் ஒரே ஒரு வரி: ‘ஸ்திரீகள் கைப்பிடி அரிசி.’ உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிக்கலயத்தில் போட்டுவைத்து, சேர்ந்ததைக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். என் ஆச்சி அடுப்பங்கரையில் அந்தக் கலயம் கடைசிவரை இருந்தது. வீட்டில் ரேஷன் அரிசி பொங்கின காலத்திலும் கலயத்துக்குப் போகும் பிடி குறையாது, நாங்கள் கேட்டால் மட்டும் ‘பானையில் இல்லை’ என்பாள். அந்தத் தேக்குக் கதவில் நாலு விரல் அகலமாவது என் ஆச்சியின் மாமியார் போட்ட அரிசி. கல்வெட்டில் ‘பட்டது’ என்று போட்டிருப்பது இவர்கள் எல்லாரையும்தான்.

பஞ்சத்தைப் பற்றி இனி. இதில் நான் உங்கள் கட்சி. 1876-இல் மழை பொய்த்துத் தொடங்கியது தாது வருஷப் பஞ்சம். அடுத்த வருஷமும் நீண்டு, 1878-இல்தான் ஓய்ந்தது. அந்தப் பஞ்ச நாட்களில் எஸ்.பி.ஜி. ஊர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் வேதத்தில் சேர்ந்தார்கள் என்பது அச்சில் உள்ள விஷயம். நீங்கள் மறைத்தாலும் உங்கள் கோயில் கல்லே அதைச் சொல்லிவிடும். 1877-இல் பட்டினி கிடந்த ஊர் 1878-இல் கல்லுக்கட்டிடம் எழுப்பியது என்றால் எப்படி? பஞ்ச நிவாரணமாக வேலை கொடுத்துக் கூலி கொடுத்த நாட்கள் அவை. உங்கள் கோயில் சுவர் அப்படி எழும்பியதா, கூலி காசா தானியமா, பெண்களும் கல் சுமந்தார்களா? இதைக் கண்டுபிடித்தால் மலரில் படிக்கத்தக்க பக்கங்கள் அவையாகத்தான் இருக்கும்.

‘கஞ்சிக்குச் சேர்ந்தவன்’ என்ற ஏச்சை நானும் பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறேன், மூக்குமேல் கோபம் வந்திருக்கிறது. இப்போது வருவதில்லை. பிள்ளை பசியில் சாகக் கிடக்கிறபோது கஞ்சி ஊற்றுகிறவன் பக்கம் போனதில் என்ன வெட்கம்? கதவைச் சாத்திக்கொண்டவன் அல்லவா வெட்கப்பட வேண்டும்? அதோடு கணக்கு கஞ்சியோடு முடியவும் இல்லை. மிஷனரி கெரிக்கே ஐயர் 1802-இல் நம் சீமையில் சுற்றி ஏராளமான பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார், அதில் திரும்பிப் போனவர்களும் அநேகம். திரும்புவதற்கு வழி எப்போதும் திறந்தே இருந்தது. மழை பெய்து பஞ்சம் தெளிந்தபிறகும் உங்கள் ஊர்க்காரர்கள் ஏன் திரும்பவில்லை? பிள்ளைக்கு எழுத்தறிவிக்க ஒரு வாத்தியார் கிடைத்தாரா? பண்ணையார் தொல்லைக்கு ஒரு மறைப்பு கிடைத்ததா? அப்படி விரட்டப்பட்டவர்களைக் குடிவைக்கவே 1830-இல் ரேனியஸ் ஐயர் தர்ம சங்கம் தொடங்கி நிலம் வாங்கினார். விசுவாசம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் இத்தனையும் கிடக்கிறது. கமிட்டிக்குப் பிடிக்காது. எழுதுங்கள்.

சண்டைகளையும் விடாதீர்கள். நம் பக்கத்தில் சண்டை இல்லாமல் சபை உண்டா? வெள்ளைக்கார ஐயர்களோடு முறைத்துக்கொண்டு அருமைநாயகம் சட்டாம்பிள்ளை 1857-இல் இந்து கிறிஸ்தவ சபை என்று தனியே கண்டார், சனிக்கிழமையை ஓய்வுநாள் ஆக்கினார். அது பெரிய சண்டை, பெரிய காரணம். எங்கள் ஊரில் ஒரு முடுக்கு இடைவெளியில் இரண்டு கோயில் நிற்பதற்குக் காரணம் ஸ்தோத்திரப் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டபோது வந்த ஒரு வாழைத்தார். யார் கடைசியாகக் கேட்டது என்ற தகராறில் ஒன்பது குடும்பம் வெளியேறிவிட்டது. எங்கள் மலரில் இது ஒரு வரிகூட வரவில்லை. வாழ்த்துரைகளும் போட்டோக்களும் இருபத்திரண்டு பக்கம், வரலாறு இரண்டு பக்கம், அதிலும் ஒன்றரைப் பக்கம் இங்கிலாந்தில் நடந்தது. பண்டிகை முடிந்த மறுவாரம் அந்த மலரைப் பக்கத்துக் கடையில் பொட்டலமாகப் பார்த்தேன்.

ஆகவே வாழ்த்துரை எழுத மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ரிஜிஸ்டரைப் படமெடுக்க ஒருநாள் வருகிறேன். பழைய கையெழுத்து எனக்கு ஓரளவு பிடிபடும். ஞாயிறு வேண்டாம், அன்று ஐயருக்கு மூன்று ஊர் ஆராதனை இருக்கும். பீரோச் சாவி கிடைத்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி