ஆச்சி பேசட்டும்: படித்துறைக்கு ஒரு போஸ்டர்

கேள்வி: பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கிறோம். குறுக்குத்துறைப் படித்துறையில் பையன்கள் குடித்துவிட்டுப் பாட்டிலை உடைத்துப் போடுகிறார்கள். ‘தாமிரபரணியைக் காப்போம்’ என்று போஸ்டர் செய்தோம். ஆசிரியர்களுக்குப் பிடித்தது, வகுப்பில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எப்படி மாற்றுவது?

பதில்: முதலில் அந்த வாசகத்தை விட்டுவிடுங்கள். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைத் தொடும் ஆற்றை ஒரு பையன் எங்கே பிடித்துக் காப்பாற்றுவான்? அவனிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பாட்டிலைப் படியில் உடைக்காதே. சோப்பு, பிளாஸ்டிக், பழைய துணியெல்லாம் வேறு போஸ்டருக்கு இருக்கட்டும்.

அப்புறம், யார் பேசுவது? ‘இளைஞனே, விழித்தெழு’ என்று மேடைக் குரலில் ஆரம்பித்தால் போச்சு. சரி, நெல்லைப் பேச்சிலேயே எழுதலாம் என்று தோன்றும். எழுதுங்கள். ஆனால் ‘ஏல’ என்பதை நண்பன் சொன்னால் உரிமை, முன்பின் தெரியாதவன் சொன்னால் சண்டை. போஸ்டர் முன்பின் தெரியாத ஆள். அதனால் வார்த்தையை ஆச்சி வாயில் கொடுங்கள். ஆச்சி ‘ஏல’ என்றால் யாருக்கும் கோபம் வராது. படம் இப்படி: ஈரப் படியில் இறங்கும் ஒரு வயதான வெறுங்கால், சற்றே தூக்கிப் பிடித்த சேலை, அடுத்த அடி விழப்போகும் இடத்தில் ஒரு கண்ணாடிச் சில்லு. மேலே: ‘ஏல, பாட்டில உடைச்சிட்டுப் போயிராத. வெள்ளென நான் குளிக்க வருவேன்.’ ரத்தம் காட்ட வேண்டாம், முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

குப்பைமேட்டுப் படமும் வேண்டாம். அமெரிக்காவில் அரிசோனாவில், கல்லாகிப்போன மரங்கள் கிடக்கும் தேசியப் பூங்காவில் உளவியலாளர் ராபர்ட் சியால்டினி குழுவினர் இதைச் சோதித்திருக்கிறார்கள். ‘நிறையப் பேர் மரத்துண்டை எடுத்துப்போய்ப் பூங்காவைக் கெடுத்துவிட்டார்கள்’ என்ற பலகை வைத்தபோது, ‘எடுக்காதீர்கள்’ என்று மட்டும் கேட்ட பலகையைவிடத் திருட்டு கூடுதலாக இருந்தது. எல்லாரும் செய்வதுதானே என்று மனசு எடுத்துக்கொள்கிறது.

போஸ்டரின் அடியில் ‘காலி பாட்டில் இந்தச் சாக்கில்’ என்று ஓர் அம்புக்குறி. சாக்கு நிஜமாகவே அங்கே இருக்க வேண்டும்! அதை யார் வந்து அள்ளுவது என்று முடிவாகாமல் அச்சகத்துப் பக்கம் போகாதீர்கள்.

கோயில் சுவர், கல் மண்டபம் எதையும் தொடக்கூடாது. பொதுவிடங்களில் கண்டபடி போஸ்டர் ஒட்டுவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959-லேயே சட்டம் வந்துவிட்டது. அட்டையில் ஒட்டி, அனுமதி வாங்கி, பைக் நிறுத்தும் இடத்திலும் படிக்கு இறங்கும் வழியிலும் கட்டுங்கள். கையில் பாட்டில் இருக்கும்போதே கண்ணில் பட வேண்டும்.

அச்சுக்கு இரண்டு எச்சரிக்கை. திரையில் பளிச்சென்று தெரியும் நீலமும் பச்சையும் தாளில் மங்கும். போஸ்டர் ஃபைலை சிஎம்ஒய்கே நிறத்துக்கு, அதாவது அச்சு மைகளின் நிறமுறைக்கு, மாற்றிப் பார்த்துவிடுங்கள். உங்கள் எழுத்துரு அச்சகக் கணினியில் இல்லையென்றால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். எழுத்தை அவுட்லைன் ஆக்கி, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக மாற்றி, பிடிஎஃப்பாகக் கொடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், ஏ3 தாளில் ஒரு கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ் எடுத்து கேன்டீனில் மாட்டுங்கள். விஷயமே தெரியாத பையன் ஒருவனைப் பத்தடி தள்ளி நிறுத்தி, மூன்று எண்ணும்வரை போஸ்டரைப் பார்க்கவிட்டு, பிறகு முகத்தைத் திருப்பச் சொல்லுங்கள். ‘என்ன பார்த்த?’ என்றால் அவன் வாயில் ஆச்சியும் பாட்டிலும் வர வேண்டும். வராவிட்டால் படத்தைப் பெரிதாக்கி, எழுத்தைக் குறைத்து மறுபடி மாட்டுங்கள். ஆசிரியர்களிடம் கடைசியில் காட்டிக்கொள்ளலாம்.