மனையும் நகையும் இருக்க, ஐடி கட்டடத்திலும் பங்கு வாங்கலாமா?

கேள்வி: மேடவாக்கத்தில் வசிக்கிறேன், வயது 47. வங்கி டெபாசிட் 20 லட்சம், பங்கு சார்ந்த மியூச்சுவல் ஃபண்ட் 20 லட்சம், மறைமலை நகரில் 35 லட்சம் பெறும் மனை, 25 லட்சத்துக்கு நகை இருக்கின்றன. டெபாசிட்டில் 10 லட்சம் அடுத்த மாதம் முதிர்கிறது. ‘ஓஎம்ஆர் ஐடி கட்டடத்தில் பங்கு வாங்குங்கள், ஆண்டுக்கு 12% கிடைக்கும், முதலீடும் பரவலாகும்’ என்கிறார் ஒரு முகவர். மகள் மூன்று ஆண்டுகளில் கல்லூரியில் சேருவாள். போடலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் ஒரு கோடியில் 60 லட்சம் ஏற்கெனவே மனையிலும் தங்கத்திலும் இருக்கிறது. பங்கு, டெபாசிட் அல்லாத ‘மாற்று முதலீடு’ என்பதில் இரண்டுமே அடக்கம். நகையை விற்க வீட்டில் யாருக்கும் மனம் வராது. கல்லூரிக் கட்டணத்துக்காக மனையில் கால் கிரவுண்டை மட்டும் விற்கவும் முடியாது. இந்த நிலையில் எளிதில் விற்க முடியாத இன்னொரு சொத்து எதற்கு?

முகவரிடம் முதலில் கேட்க வேண்டியது: இது பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியில் பதிவான சிறு, நடுத்தர ரெய்ட் திட்டமா? (பலரின் பணத்தைத் திரட்டிக் கட்டடங்கள் வாங்கி, வாடகையைப் பகிர்ந்து தருவதுதான் ரெய்ட்.) 2024-இல் வந்த விதிகளின்படி அத்தகைய திட்டம் பங்குச் சந்தையில் பட்டியலாக வேண்டும். குறைந்தபட்ச முதலீடு 10 லட்சம். பதிவு எண்ணை வாங்கி செபி இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். பதிவு இல்லையென்றால் உங்கள் கைக்கு வருவது பெரும்பாலும் ஒரு தனியார் நிறுவனத்தின் பங்கோ கடன் பத்திரமோதான். வெளியேற நினைத்தால் வாங்க ஆள் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். குடியிருக்கும் நிறுவனம் காலி செய்துவிட்டால் வாடகை நிற்கும். சொத்து வரியும் பராமரிப்புச் செலவும் நிற்காது. அந்த 12 சதவீதத்தில் வாடகை எவ்வளவு, பின்னால் விற்கும்போது கிடைக்கும் என்று எதிர்பார்க்கும் லாபம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலான பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

அலுவலகம், மால் போன்ற கட்டடங்களின் வருமானம் வேண்டுமென்றால் பட்டியலான பெரிய ரெய்ட் யூனிட் போதும். டீமேட் கணக்கில் ஒரு யூனிட்கூட வாங்கலாம், தேவைக்கு 50 மட்டும் விற்கலாம். பகிர்வதற்குரிய பணத்தில் 90 சதவீதத்தையாவது அவை யூனிட்தாரர்களுக்குத் தந்தாக வேண்டும். வடபழனி விஜயா மால் நெக்ஸஸ் ரெய்ட்டிடமும், போரூர் காமர்சோன் மைண்ட்ஸ்பேஸ் ரெய்ட்டிடமும் இருக்கின்றன.

ஆனால் இதை டெபாசிட்டுக்கு மாற்றாக நினைக்காதீர்கள். 2020 மார்ச்சில் பங்குச் சந்தை விழுந்தபோது, அன்று இங்கே பட்டியலாகியிருந்த ஒரே ரெய்ட்டான எம்பஸியும் சேர்ந்தே விழுந்தது. வட்டி விகிதம் ஏறினாலும் விலை இறங்கும்.

அதனால் 10 லட்சத்தில் 7 லட்சத்தை மகள் கல்லூரி சேரும் மாதத்துக்குள் முதிரும்படி மறுபடி டெபாசிட்டில் போடுங்கள். மீதி 3 லட்சத்தை மாதம் 50,000 வீதம் ஆறு மாதத்தில் இரண்டு ரெய்ட்களில் பிரித்து வாங்குங்கள். புதிதாகத் தங்கம் வேண்டாம். ரெய்ட் தரும் தொகையில் வட்டி, டிவிடெண்ட், கடன் திருப்பம் (ரெய்ட் தன் துணை நிறுவனத்துக்குக் கொடுத்த கடனின் அசல் திரும்பி வருவது) என்று பல பகுதிகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் வரி வேறு. வரிக் கணக்கில் மொத்தத்தையும் டிவிடெண்ட் என்று காட்டிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ரெய்ட் அனுப்பும் ஆண்டுக் கணக்கை அப்படியே ஆடிட்டரிடம் கொடுங்கள்.

மனையை என்றாவது விற்கும் எண்ணம் இருந்தால் பட்டா உங்கள் பெயருக்கு மாறியிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், வில்லங்கச் சான்றும் போட்டுப் பாருங்கள். அவசரத்துக்கு விற்கப் போகும்போது இந்தக் குறையைக் காட்டித்தான் விலையைக் குறைப்பார்கள்.