கொச்சியில் இரண்டு ராத்திரி: ஃபோர்ட் கொச்சியா, எர்ணாகுளமா?

கொச்சியில் எங்கே தங்குவது என்று கேட்டிருந்தீர்கள். கடலோரப் பழைய பகுதியான ஃபோர்ட் கொச்சியிலேயே தங்குங்கள். வெள்ளி இரவு வந்து ஞாயிறு மாலை ரயில் பிடிக்க வேண்டும், இரண்டு பேருக்கும் நடந்தே சுற்றத்தான் ஆசை என்கிறீர்கள். அதற்கு எர்ணாகுளம் சரிப்படாது, எம்.ஜி. ரோடு முழுக்கக் கடையும் நெரிசலும்தான்.

ஃபோர்ட் கொச்சி அறையின் அதே விலைக்கு வேறிடத்தில் பெரிய ஹோட்டலே கிடைக்கிறதே என்று நீங்கள் குழம்பியதற்குக் காரணம் அநேகமாக இதுதான்: புக்கிங் ஆப்பில் 'கொச்சி' என்று தேடினால் தள்ளியிருக்கும் காக்கநாடு, இடப்பள்ளி, நெடும்பாசேரி எல்லாம் சேர்ந்து வரும். நெடும்பாசேரி விமான நிலையத்திலிருந்து ஃபோர்ட் கொச்சி சுமார் 40 கி.மீ. மலிவாக இல்லாமல் என்ன செய்யும்?

பணம் கட்டும் முன் மேப்பில் அறையிலிருந்து செயின்ட் பிரான்சிஸ் சர்ச்சுக்கு நடக்கிற நேரம் பாருங்கள். 15 நிமிடத்துக்குள் என்றால் சரி, சீன மீன்பிடி வலை, கடலோர நடை, கதகளி எல்லாம் அந்த வட்டத்துக்குள்தான். தோப்பும்படி என்று காட்டினால் விட்டுவிடுங்கள், அது நடக்கிற தூரமில்லை. அப்புறம் ஹோம்ஸ்டே என்றால் ஒரு போன் போட்டு, இரவு எத்தனை மணி வரை கதவு திறப்பார்கள் என்று கேளுங்கள். நாங்கள் கேட்காமல் போய் பதினொன்றரை மணிக்குப் பெட்டியோடு தெருவில் நின்றோம், மனைவி இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

ஒரே சிக்கல் ஞாயிறு மாலைதான். எர்ணாகுளம் ரயில் ஸ்டேஷனுக்குச் சாலை வழியே போனால் பாலங்களில் மாட்டிக்கொள்வீர்கள், படகில் எர்ணாகுளம் ஜெட்டிக்கு வந்து அங்கிருந்து ஆட்டோ பிடியுங்கள். படகு டிக்கெட் வரிசைக்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். மட்டாஞ்சேரி யூத ஜெபாலயம் சனிக்கிழமை திறக்காது, அதை ஞாயிறு காலைக்கு வையுங்கள்.